இருபது வருஷம் தூங்கின காருக்கு செல்ஃப் அடிக்காதீங்க!

யூட்யூபில் ஒரு வகை வீடியோ உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு வெளிநாட்டில் ஏதோ ஒரு கொட்டகை. கதவைத் திறந்தால் உள்ளே தூசி மூடிய ஸ்போர்ட்ஸ் கார். நாலு டயரும் காற்றிறங்கித் தரையோடு தரையாக. ஒருத்தர் பானெட்டைத் திறக்கிறார், புது பேட்டரி மாட்டுகிறார், கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுகிறார், சாவியைத் திருகுகிறார். டொக்... டொக்... டொர்ர்ர்ர்... புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் எழுகிறது. பின்னணியில் உருக்கமான இசை. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கீழே லைக்குகள் கொட்டுகின்றன. எனக்கு மட்டும் வயிறு எரிகிறது.

ஏன் எரிகிறது என்று புலம்பத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், டீயோ காபியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, பி.காம். "டெபிட் கிரெடிட் படிக்கிறவனுக்கு பிஸ்டனைப் பத்தி என்ன பேச்சு" என்று எங்கள் கிளாஸ் பெஞ்சிலிருந்தே குரல் வரும், தெரியும். ஆனால் மக்களே, இது பாதி கார் மேட்டர், பாதி கணக்கு மேட்டர். கணக்கு தெரியாததால்தான் முக்கால்வாசி நல்ல கார்கள் சாகின்றன என்பது என் கட்சி. பூட்டி வைத்த கார் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அது மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஒருநாள் ஆர்வக்கோளாறில் ஒருவர் வந்து சாவியைத் திருகி, மிச்சம் இருந்த உயிரையும் எடுத்துவிட்டு, அதை "உயிர்த்தெழுதல்" என்று வீடியோ போடுகிறார்.

முதலில் கணக்கு. தேய்மானம் எதனால் வரும்? உபயோகத்தால் வரும். காலம் கடப்பதால் வரும். புதுசு வந்து பழசு செல்லாக்காசு ஆவதால் வரும். இதை முதல் வருஷத்திலேயே நெட்டுரு போட்டிருக்கிறோம். நடுவில் இருக்கிறதே அந்த "காலம் கடப்பதால்", அதைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஐ.ஏ.எஸ். 16 என்று ஒரு சர்வதேசக் கணக்கியல் தரம் இருக்கிறது (கலெக்டர் ஐ.ஏ.எஸ். வேறு :-)). ஒரு சொத்து சும்மா கிடக்கிறது என்பதற்காக அதன் தேய்மானத்தை நிறுத்தக் கூடாது என்கிறது அது. ஒரு சின்ன விதிவிலக்கு மட்டும் உண்டு. உற்பத்தி அளவை வைத்துத் தேய்மானம் போடும் முறையை எடுத்துக்கொண்டிருந்தால், உற்பத்தி இல்லாத காலத்தில் தேய்மானம் பூஜ்யமாக இருக்கலாம்.

காரை கராஜில் போட்டுப் பூட்டுகிற எல்லோரும் இந்த விதிவிலக்கைத்தான் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். "அம்பதாயிரம் கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு, வண்டி அப்படியே புதுசு." ஓடின கிலோமீட்டருக்கு மட்டும்தான் கார் தேயும் என்று ஒரு நம்பிக்கை. ரப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் இந்த நம்பிக்கை தெரியாது. அவை காலண்டரைப் பார்த்துத் தேய்கின்றன.

சரி, எந்தக் காரை வைத்துப் பேசலாம்? கோடிக்கணக்கில் விலை போகிற ஃபெராரிக்கும் நமக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. போர்ஷே 944-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1982 மாடலில் ஆரம்பித்து 1991 வரை செய்தார்கள். 1,60,000-க்கும் மேல் வெளியே வந்திருக்கிறது. எஞ்சின் முன்னால், கியர் பாக்ஸ் பின்னால், இரண்டையும் ஒரு நீளக் குழாய்க்குள் ஓடும் தண்டு இணைக்கும். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. வளைவில் அவ்வளவு அழகாகத் திரும்பும் என்று ஓட்டியவர்கள் உருகுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ரொம்ப காலம் இதுதான் ஏழையின் போர்ஷே. வாங்குகிற விலை குறைவு, ஆனால் பார்ட்ஸும் கூலியும் போர்ஷே விலையில். அதனால் என்ன ஆகும்? பெரிய செலவு ஒன்று வந்து நிற்கும்போது ஓனர் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கராஜில் தள்ளிவிடுவார். அந்த அடுத்த வருஷம் பதினைந்து வருஷம் கழித்து வரும், வேறொரு ஆளின் கையில், கேமராவோடு.

இந்தக் கார் ஆளை ஏமாற்றுவதில் கில்லாடி. உடம்புக்கு துத்தநாகப் பூச்சு கொடுத்துச் செய்த கார். அதனால் அந்தக் காலத்து மற்ற கார்களைப் போல சுலபத்தில் துருப் பிடித்து ஓட்டை விழாது. தூசியைக் கழுவினால் பளபளவென்று நிற்கும். பார்க்கிறவன் "அடடா, சூப்பர் கண்டிஷன்" என்று மயங்கிவிடுவான். மீட்டரைப் பார்த்தால் குறைந்த மைல் காட்டும். அந்த மைல் மீட்டருக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் சக்கரம் இருக்கிறது. வயசானால் அது பொடிந்துவிடும். பொடிந்த பிறகு கார் எவ்வளவு ஓடினாலும் மீட்டர் நகராது. 944 வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. அதாவது, எந்தக் கிலோமீட்டரை வைத்து "தேயவே இல்லை" என்று கணக்கு போடுகிறோமோ, அந்தக் கணக்குப் புத்தகமே வயசாகிச் செத்துக் கிடக்கலாம். ஆடிட்டர் இதைப் பார்த்தால் கையெழுத்துப் போடுவாரா?

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம். சாவியைத் திருகுகிறாரே, அந்த ஒரு நொடியில் உள்ளே என்ன நடக்கிறது?

944 எஞ்சினின் முன்பக்கம் டைமிங் பெல்ட் என்று ஒரு பல் வைத்த ரப்பர் பெல்ட் இருக்கிறது. கீழே கிராங்க் சுற்றுவதற்கும் மேலே வால்வுகள் திறந்து மூடுவதற்கும் தாளம் போடுவது அதுதான். பக்கத்திலேயே எஞ்சின் அதிராமல் இருக்க வைத்த பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளுக்கு இன்னொரு பெல்ட். தாளம் தப்பினால் சில எஞ்சின்கள் சும்மா நின்றுவிடும், வேறு சேதம் இருக்காது. இது அந்த ரகம் இல்லை. இதில் பிஸ்டன் மேலே வருகிற அதே இடத்துக்குத்தான் வால்வும் இறங்கி வரும். நேரம் மாறி மாறி வருவதால் மோதிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பெல்ட் அறுந்தாலோ ரெண்டு பல் நழுவினாலோ பிஸ்டன் வந்து வால்வை அடிக்கும், வால்வு வளையும். ஹெட்டைக் கழற்றாமல் சரி செய்ய முடியாது.

அந்த பெல்ட் பதினைந்து வருஷமாக ஒரே வளைவில் மடிந்தபடி நின்றிருக்கிறது. பெல்ட்டை மாற்ற மைல் கணக்கு மட்டும் பார்க்காதே, வருஷக் கணக்கும் பார் என்று விவரம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது அதனால்தான். போதாததற்கு இந்தக் காரில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பழைய கூலன்ட் உள்ளேயே காய்ந்து பம்ப் ஜாம் ஆகியிருந்தால்? புது பேட்டரியின் முழு பலத்தோடு ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும், பம்ப் நகராது, நடுவில் மாட்டிக்கொண்ட கிழட்டு பெல்ட்தான் பலி.

பெல்ட் தப்பித்தாலும் கதை முடியவில்லை. வருஷக்கணக்காக நின்றதில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் எல்லாம் வடிந்து கீழே போயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் காய்ந்த உலோகத்தின் மேல் உரசும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தால் அதன் பஞ்சும் புழுக்கையும் நேராக உள்ளே. பெட்ரோல் ஹோஸ்கள் எல்லாம் ரப்பர். இது கார்ப்பரேட்டர் வைத்த வண்டியும் இல்லை. இன்ஜெக்‌ஷன் சிஸ்டம், பெட்ரோலை 2 பாருக்கு மேல் அழுத்தத்தில் தள்ளும். வெடித்துப்போன ஹோஸ் வழியே அந்த அழுத்தத்தில் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ட்டேக்குக்குக் கீழே மறைவாக ஓடுகிற பழைய ஹோஸ்களால் எரிந்துபோன 944-களின் படங்கள் நெட்டில் தேடினால் கிடைக்கும்.

பழைய பெட்ரோலே ஒரு தனி அக்கிரமம். நாள்பட நாள்பட அது பிசின் மாதிரி ஆகிறது. இன்ஜெக்டரின் நுண்ணிய துளையை அடைக்க அந்தப் பிசின் துளி போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து தங்கும், டேங்க் துருப் பிடிக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான பெட்ரோலில் 10% எத்தனால், பிரிட்டனில் 2021-லிருந்து சாதா பெட்ரோலில் 10%, நம் ஊர் பங்கில் இப்போது 20%. (ஊரில் தாத்தா காரை ஃபுல் டேங்க்கோடு மூடி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரவும்.)

இவ்வளவு சொன்னேனே, இதெல்லாம் கூட எனக்கு இரண்டாம்பட்சம். எஞ்சின் போனால் பணம்தான் போகும். அந்த வீடியோக்களில் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம் அடுத்த காட்சி. எஞ்சின் எழுந்துவிட்டது, எல்லோருக்கும் ஒரே குஷி, காரை அப்படியே ரோட்டுக்கு எடுக்கிறார்கள். "ஒரு சின்ன ரவுண்டு!"

எதை நம்பி? பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம். அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். சுமார் நாலு சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அந்தத் தரமே இறங்கி வந்துவிடுகிறது. பதினைந்து வருஷம் நின்றது எவ்வளவு தாங்கும்? இறக்கத்தில் நாலு தடவை மிதித்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. உள்ளே சேர்ந்த தண்ணீர் காலிப்பர் பிஸ்டன்களைத் துருப் பிடிக்க வைத்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, ஒரு பக்க சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாதது: பல வருஷம் நின்ற காரில் மிதியைத் தரை வரை அழுத்தக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும். சீல் அங்கே போய் உரசிக் கிழிந்துவிடும். "பிரேக் இருக்கான்னு பாப்போம்" என்று ஓங்கி மிதிக்கிறவர் அந்த மிதியிலேயே இருந்த பிரேக்கையும் போக்கிவிடுகிறார்.

டயர் பற்றிச் சொல்லும்போது கைத்தட்டல் நின்றுவிட வேண்டும். பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் இறந்தார். கார் போர்ஷே கரேரா ஜிடி. ஓட்டியது அவர் நண்பர், அவரும் இறந்தார். மணிக்கு 45 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் 80-லிருந்து 93 மைல் வரை வேகத்தில் போயிருக்கிறார்கள் என்றது விசாரணை. அதே விசாரணை இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது: டயர்களுக்கு ஒன்பது வயது. வேகம்தான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அபூர்வமாக வெளியே வருகிற கார்களின் டயர் இப்படித்தான் இருக்கும், பள்ளம் பள்ளமாகக் கட்டை தேயாமல் புதுசு போல. தேயாத டயர் நல்ல டயர் என்று கண் சொல்லும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2304 என்றால் 2004-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. கண்ணை நம்பாதீர்கள், அந்த எண்ணை நம்புங்கள். வீடியோ எடுக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணுக்கு கேமராவைத் திருப்புகிறார்கள்?

"அப்போ என்னதான்டா பண்ணச் சொல்ற?" என்றால், சொல்கிறேன். சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். காரை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, முதலில் பிரேக். ஹோஸ் அத்தனையும் புதுசு, காலிப்பர் பிரித்து சீல், மாஸ்டர் சிலிண்டர், புது ஆயில். அடுத்து பெட்ரோல்: பழையதை முழுக்க வடித்து, டேங்க்கின் உள்ளே எட்டிப் பார்த்து, ஃபில்டர், ஹோஸ்கள் மாற்றி, இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்து. எஞ்சின் கடைசி. அதுவும் செல்ஃப் அடித்து இல்லை. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ரெண்டு நாள் சும்மா விட வேண்டும். இந்த ரெண்டு நாள்தான் நம் வீடியோ மகராஜன்களால் முடியாதது! அப்புறம் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே, கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். எங்கேயாவது தடுத்தால் நிறுத்த வேண்டும். கைக்குத் தடுப்பது தெரியும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது. சுற்றுகிறது என்று தெரிந்தால் ரெண்டு பெல்ட்டும், டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாமும் மாற்றி, புது ஆயில் புது கூலன்ட் ஊற்றி, பிளக் இல்லாமலே பெட்ரோலைத் துண்டித்து ஆயில் பிரஷர் ஏறும் வரை சுற்றவிட்டு... அதற்கப்புறம்தான் சாவி.

இதைச் சரியாகச் செய்து காட்டுகிற சேனல்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. பொறுமையாக ஆயில் விட்டு, கையால் திருப்பி, பிரேக்கைப் பிரித்துக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவர்களும் தலைப்பில் போடுவது "முதல் ஸ்டார்ட்" என்றுதான். பிரேக் ஹோஸ் மாற்றினேன் என்று தலைப்பு வைத்தால் எவன் பார்ப்பான்?

வேடிக்கை பார்ப்பதோடு போனால் பரவாயில்லை. இந்தக் காட்சி மார்க்கெட்டையே கெடுத்து வைத்திருக்கிறது, அதுதான் காமர்ஸ்காரன் என்ற முறையில் என் புகார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்கள் "ஓடுகிறது" என்று போட்டால் ஒரு விலை, "ஓடவில்லை" என்று போட்டால் பாதி விலை. அதனால் விற்பதற்கு முந்தின நாள் பேட்டரி மாட்டி, எப்படியாவது உறும வைத்து, ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் விலை தலைகீழாக இருக்க வேண்டும். கதவு பூட்டினபடி யாரும் கை வைக்காமல் கிடக்கிற காரில், உள்ளே என்ன இருந்ததோ அது அப்படியே இருக்கிறது. முந்தாநாள் வறட்டு எஞ்சினை உறும வைத்த காரில் என்ன உடைந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஒரு நிமிஷ உறுமலுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், சேதத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

அப்புறம் அந்தப் பாவப்பட்ட வாங்குகிறவர். பெரும்பாலும் நம் வயசு, அல்லது கொஞ்சம் கூட. போர்ஷே, அதுவும் இந்த விலைக்கா என்று துள்ளிக்கொண்டு வாங்கிவிடுகிறார். பெல்ட், பம்ப், பிரேக், டயர் என்று பில் வர ஆரம்பிக்கிறது. நாலு மாசம் கழித்து கிளட்ச். இந்தக் காரின் அசல் கிளட்ச் தட்டின் நடுவில், அதிர்ச்சி தாங்க ரப்பர் வைத்திருக்கிறார்கள். ஆமாம், அங்கேயும் ரப்பர்! வயசானால் அது பிய்ந்துகொள்ளும். தட்டின் விலை கிடக்கட்டும், அதைத் தொட வேண்டுமானால் சைலன்சரை இறக்கி, பின்னால் இருக்கும் கியர் பாக்ஸை இறக்கி, நடுக் குழாயைப் பின்னால் தள்ள வேண்டும். கூலியை நினைத்துப் பாருங்கள். காரின் விலையை பில்லின் கூட்டுத்தொகை தாண்டும்போது "இவ்வளவு போட்டாச்சு, விட முடியுமா" என்று இன்னும் போடுவார். சங்க் காஸ்ட், நாலு மார்க் கேள்வி. போன காசு போனதுதான், இனிமேல் போடுகிற காசுக்கு இனிமேல் என்ன கிடைக்கும் என்று மட்டும் பார் என்று பாடம். ஒரு கட்டத்தில் காசு தீர்ந்து, காரை மறுபடி கராஜில் தள்ளி, மேலே உறை போட்டு மூடுவார். அடுத்த வீடியோவுக்கு கதாநாயகன் ரெடி.

"தம்பி, தூசியோடு இருந்த காரெல்லாம் கோடிக்கணக்கில் போகுதே" என்று ஒருத்தர் வருவார். வரட்டும். பிரான்ஸில் ரோஜே பையோன் என்ற லாரி கம்பெனி முதலாளி சேர்த்து வைத்து மறக்கப்பட்ட கார்களை 2014-இல் கண்டுபிடித்தார்கள். மொத்தம் அறுபது சொச்சம். பாதிக்கு மேல் ஒழுகும் தகரக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தவை. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம். அதில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் ஒன்று சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. 2017-இல் ஜப்பானில் நாற்பது வருஷம் போலக் கிடந்த அலுமினிய உடம்பு ஃபெராரி டேடோனா ஒன்றை, தூசியைக் கூடத் துடைக்காமல் மாரனெல்லோவில் ஏலத்துக்கு வைத்தார்கள். 18 லட்சம் யூரோ. தூசியைத் துடைக்காமல்! துடைத்தால் விலை குறைந்துவிடுமாம். தூசியையும் ஒரு உதிரிப் பாகமாக விற்கத் தெரிந்த சாமர்த்தியத்துக்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த கலிஃபோர்னியா ஸ்பைடர் ரகம் உலகத்திலேயே ஐம்பத்து சொச்சம்தான். அதிலும் இது நடிகர் அலென் டெலோன் வைத்திருந்தது. டேடோனாவோ, சாலைக்கென்று அலுமினியத்தில் செய்த ஒரே ஒன்று. விலை அபூர்வத்துக்கும் கதைக்கும் கிடைத்தது. கவனிக்காமல் போட்டதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஒழுங்காக வைத்திருந்தாலும் கிடைத்திருக்கும். அதே பையோன் கொட்டகையில் உருத் தெரியாமல் துருப்பிடித்த வண்டிகளின் படங்களையும் பாருங்கள், அவற்றைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை. லாட்டரியில் ஜெயித்தவன் போட்டோவை மட்டும் பேப்பரில் போடுகிற கதை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்த 944-ஐத் தூசி படிய விட்டால் தூசிதான் கிடைக்கும்.

இன்னொரு கட்சி கொஞ்சம் கௌரவமானது. "ஒரு கார் ஒரு தடவைதான் ஒரிஜினலாக இருக்க முடியும், கை வைக்காதே" என்கிறவர்கள். இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. 1925 மாடல் புகாட்டி பிரெஷியா ஒன்று சுவிட்சர்லாந்தில் அஸ்கோனா பக்கம் மஜ்ஜோரே ஏரிக்குள் கிடந்தது. சுங்க வரி கட்டாத காரை அதிகாரிகளே 1936-இல் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள் என்பது கதை. 2009-இல் வெளியே எடுத்தார்கள், 2010 ஜனவரியில் 2,60,500 யூரோவுக்கு ஏலம் போனது. வாங்கிய பீட்டர் மல்லின் அதைச் செப்பனிடவே இல்லை, அரித்துப்போன கோலத்திலேயே கலிஃபோர்னியாவில் தன் மியூசியத்தில் வைத்தார். அது சரி. அது இனிமேல் கார் இல்லை, சிற்பம். அதை ஓடவிட்டால்தான் அபத்தம். அதே போல 1937 புகாட்டி டைப் 57எஸ் ஒன்று, நியூகாஸில் டாக்டர் ஹெரால்ட் கார் என்பவரின் கராஜில் 1960-களின் தொடக்கத்திலிருந்து அவர் 2007-இல் இறக்கும் வரை கிடந்தது. 2009-இல் 34 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அந்த மாதிரிக் காரில் அசல் பெயின்ட்டை உரித்தெடுப்பது பாவம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பெயின்ட்டை விட்டுவிடு, சீட் துணியை விட்டுவிடு, கீறலைக் கூட விட்டுவிடு. பிரேக் ஹோஸையும் ஏன் விடச் சொல்கிறாய்? ரப்பரும் ஆயிலும் பெல்ட்டும் என்றைக்குமே "ஒரிஜினல்" பட்டியலில் கிடையாது. மாற்றப்படுவதற்காகவே செய்த சாமான்கள் அவை. உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, டூரின் சாசனம் என்று ஒன்று வைத்திருக்கிறது. வண்டியின் பழமையைக் கூடிய மட்டும் கலைக்காதே என்று சொல்கிற அதே சாசனம், வண்டி பிழைத்திருக்க அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பதும் அவசியம் என்கிற கட்சிதான். ஒரிஜினல்வாதிகள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

கடைசியாக, வீட்டில் ஒரு காரை மூடி வைத்துக்கொண்டு "ரிட்டயர் ஆனதும் ரெடி பண்ணுவேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு. ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கேட்டு வருகிறவனிடம் "விக்கிறதுக்கு இல்லப்பா" என்று கதவைச் சாத்தும்போது நீங்கள் அந்தக் காரைக் காப்பாற்றவில்லை. போன வருஷம் ஹோஸ் மட்டும் மாற்றினால் போதும் என்றிருந்தது, இந்த வருஷம் டேங்க்கும் போயிருக்கும், அடுத்த வருஷம் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். செலவு உங்கள் கராஜுக்குள் உங்களுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டிருக்கிறது, விற்கிற விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்களே ரெடி பண்ணுவதென்றால் இந்த மாசம் பிரேக்கில் ஆரம்பியுங்கள். இல்லை என்றால், வந்து நிற்கிறவன் டயரின் நாலு இலக்க எண்ணைக் குனிந்து பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்த்தால் அவனுக்குக் கொடுங்கள். சாவி கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாங்கிப் போகிறவருக்கும் ஒரு விஷயம், மறக்கும் முன் சொல்லிவிடுகிறேன். 944-இல் புது டைமிங் பெல்ட் போட்டால் ஓட ஓட அது கொஞ்சம் நீளும். சுமார் 2,000 மைலில் டென்ஷனை மறுபடி பார்த்துச் சரி செய்ய வேண்டும். அதற்கு முதலில் அந்த 2,000 மைல் ஓட்டியிருக்க வேண்டும்.